மையம் நீங்கும் பெருங்கருந்துளைகள்

பால்வீதியின் நடுவில், தனுசு விண்மீன் குழுவின் திசையில், சுமார் 43 லட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்பது அதன் பெயர். மார்க் ரீடும் ஆண்ட்ரியாஸ் புருந்தாலரும் ரேடியோ தொலைநோக்கிகளைக் கொண்டு பல ஆண்டுகள் அதன் நகர்வை அளந்தார்கள். சூரியன் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பால்வீதியைச் சுற்றுவதால் வரும் தோற்ற நகர்வைக் கழித்துப் பார்த்தால், பால்வீதித் தட்டுக்குச் செங்குத்தான திசையில் அந்தக் கருந்துளையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்து விண்மீன்கள் சில நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, அவற்றின் நடுவே அது அசையாமல் கிடக்கிறது.

இந்த அசைவின்மையைத்தான் நெடுங்காலமாகப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டிருந்தோம். பெரிய கேலக்ஸி எதுவானாலும் நடுவில் ஒரு பெருங்கருந்துளை இருக்கும். அது அங்கேயே பிறந்து, அங்கேயே பெருத்து, அங்கேயே தங்கிவிடும். ஆனால் கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதி இணைபவை. ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு கருந்துளைகள் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்கின்றன. அவை எப்படி நடுவுக்கு வருகின்றன, வந்தபின் அங்கேயே தங்குமா, தள்ளப்பட்டால் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விகளுக்கு 1940களிலிருந்து விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சில கைவிடப்பட்டு, அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் எழுந்திருக்கின்றன.

கருந்துளை தன் கேலக்ஸியை விட்டு வெளியேற முடியுமா என்ற கேள்வி கோட்பாட்டளவில் தீர்ந்துவிட்டது என்றே கருதுகிறேன். முடியும். எவ்வளவு அடிக்கடி வெளியேறுகிறது என்பதுதான் தீரவில்லை. இணைவதற்குச் சற்று முன்பு இரு கருந்துளைகளின் சுழல் அச்சுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பதைப் பொறுத்தது அது. அந்தச் சாய்வை இதுவரை எந்தப் பெருங்கருந்துளை இணையிலும் யாரும் அளந்ததில்லை.

மூழ்கச் செய்யும் உராய்வு

லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் இருந்தார். விண்மீன்கள் நிறைந்த வெளியில் கனமான ஒரு பொருள் ஓடினால் அதன் வேகம் குறையுமா என்ற கேள்விக்கு அப்போது கணக்குப் போட்டார். அந்தப் பொருள் எந்த விண்மீனோடும் உரசுவதில்லை. ஆனாலும் அது கடந்துபோகும்போது அக்கம்பக்கத்து விண்மீன்கள் அதன் ஈர்ப்பால் பாதை வளைந்து, அதன் முதுகுப்புறத்தில் சற்றே நெருங்கிக் கூடுகின்றன. அந்தக் கூட்டம் பின்னாலிருந்து இழுக்கிறது. இதற்கு இயக்க உராய்வு என்று பெயர்.

இந்த உராய்வுக்கு இரண்டு குணங்கள் உண்டு. பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு விரைவாக வேகம் தணியும். அதனால்தான் சாதாரண விண்மீன் மூழ்காது, பல கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளை மூழ்கும். இரண்டாவது குணம் நம் அன்றாட அனுபவத்துக்கு எதிரானது. பொருள் மிக வேகமாக ஓடினால் உராய்வு கூடுவதில்லை, குறைகிறது. விண்மீன்கள் வளைந்து கூடுவதற்குள் அது கடந்துபோய்விடுகிறது. மையத்திலிருந்து எறியப்படும் கருந்துளைக்கு இது சாதகமாக அமைகிறது.

சந்திரசேகரின் கணக்கு எல்லாப் பக்கமும் ஒரே சீரான வெளியை எடுத்துக்கொள்கிறது. உண்மையான கேலக்ஸிகள் அப்படி இருப்பதில்லை. நடுப்பகுதியில் அடர்த்தி ஏறாமல் தட்டையாக இருந்தால், மூழ்கிவரும் பொருள் பாதிவழியில் நின்றுவிடும். பிரபஞ்சத்தின் இளம் பருவத்து கேலக்ஸிகளில் நடு என்றே ஒன்று சரியாக அமைந்திருக்கவில்லை. கட்டி கட்டியாகக் கிடந்த வாயுவும் விண்மீன்களும் கருந்துளையை இங்குமங்கும் இழுத்தன. 2021இல் லின்ஹாவ் மாவும் உடனாய்வாளர்களும் நடத்திய கணினி உருவகங்களில், அத்தகைய கேலக்ஸிகளில் 10 கோடி சூரிய நிறைக்குக் குறைந்த கருந்துளைகள் நடுவுக்குச் சரியாக மூழ்கவே இல்லை. ஆகவே மையத்தில் இருப்பதைத் தொடக்க நிலை என்று எடுத்துக்கொள்ள இயலாது. அது சிலவற்றுக்கு வாய்த்த முடிவாக இருக்கலாம்.

கடைசிப் பார்செக்

இரண்டு கருந்துளைகள் நடுவுக்கு வந்துவிட்டால் பிறகு என்ன என்பதற்கு 1980இல் மிட்செல் பெகெல்மன், ரோஜர் பிளாண்ட்ஃபோர்ட், மார்ட்டின் ரீஸ் மூவரும் ஒரு வரைபடம் தந்தார்கள். இன்றைக்கும் துறை அதன்படியே நடக்கிறது. முதலில் இயக்க உராய்வு இரண்டையும் நெருக்குகிறது. அவை ஒன்றையொன்று சுற்றும் இணையானதும், அருகில் வரும் விண்மீன்களை வெளியே வீசி, வீசிய ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்து, தாம் இன்னும் நெருங்குகின்றன. கடைசியில் ஈர்ப்பலைகள் ஆற்றலை உறிஞ்சி இணைத்துவிடுகின்றன.

இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு இடைவெளி வந்ததும், வீசுவதற்கு அருகில் விண்மீன்கள் மிஞ்சுவதில்லை. ஈர்ப்பலையை நம்பியிருக்கவும் முடியாது. இணைவதற்கு அது எடுக்கும் காலம் இடைவெளியின் நான்காம் அடுக்கில் வளரும்: இடைவெளி இருமடங்கானால் காலம் பதினாறு மடங்கு. ஒரு பார்செக் தூரத்தில் அது பிரபஞ்சத்தின் 1380 கோடி ஆண்டு வயதைத் தாண்டிவிடும்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மோதி இணைந்த கேலக்ஸி பந்துபோல உருண்டையாக இராது. அதில் விண்மீன்களின் பாதைகள் சிக்கலாகி, நடுவுக்குப் புதிய விண்மீன்கள் வந்துகொண்டே இருக்கும் என்பது ஒன்று. இன்று பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். வாயுத் தட்டு இணையை நெருக்கும் என்பது இன்னொன்று. ஆனால் சில உருவகங்களில் வாயு இணையை நெருக்காமல் விலக்கவே செய்தது. மூன்றாவது வழி, இன்னொரு கேலக்ஸி மோதி மூன்றாவது கருந்துளை ஒன்று உள்ளே நுழைவது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இணைவுகள் உண்மையில் நடக்கின்றனவா என்பதற்கு 2023 ஜூனில் ஒரு குறிப்புக் கிடைத்தது. பல்சார்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்த அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஈர்ப்பலைகளின் இரைச்சல் ஒன்று இருப்பதற்கான சான்றுகளை வெளியிட்டன. புணே அருகிலுள்ள ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளோடு இந்தியக் குழுவும் ஐரோப்பியக் குழுவோடு அதில் சேர்ந்திருந்தது. பெருங்கருந்துளை இணைகளே அந்த இரைச்சலுக்குக் காரணம் என்பது இயல்பான விளக்கம். ஒரே விளக்கம் என்று சொல்லிவிட முடியாது. இணைகள் மிக நெருங்கி வருகின்றன என்பதையே அது காட்டுகிறது. தனித்தனியான இணைவையோ அதன் விளைவையோ காட்டவில்லை.

ஈர்ப்பலையின் உதை

துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கும். ஈர்ப்பலையும் உந்தத்தைச் சுமந்து செல்கிறது. ஒரு பக்கம் அதிகமாக அலை போனால், இணைந்து உருவான கருந்துளை எதிர்ப்பக்கம் நகர வேண்டும். ஆஷர் பெரெஸ் 1962இலேயே இதற்குக் கணக்கு எழுதினார். 1983இல் மைக்கேல் ஃபிட்செட் இரு கருந்துளைகளின் இணைக்கு அதைப் பொருத்தினார். நிறை சமமாக இல்லாதபோது லேசானது வேகமாக ஓடும். அதன் அலை ஓடும் திசையில் குவியும். வட்டப்பாதையில் சுற்றும்வரை அந்தத் தள்ளல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஈடாகிவிடும். கடைசிச் சுற்று முழுமையடையாமல் இணைவு நேர்வதால் ஈடாகாத மிச்சம் ஒன்று நிற்கும். அந்த மிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்ல அன்றைய கணிதத்துக்கு வலு போதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் மதிப்பீடுகள் நொடிக்குச் சில பத்து கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை சிதறிக்கிடந்தன.

2005இல் பிரான்ஸ் பிரிட்டோரியஸ் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கணினியில் இணைவு முடியும்வரை உடையாமல் ஓடவைத்தார். சில மாதங்களில் நாசாவின் காடர்ட் மையத்துக் குழுவும் டெக்சஸ் பிரவுன்ஸ்வில் குழுவும் வேறொரு வழியில் அதையே செய்தன. அதன்பின் எண்கள் உறுதியாக வரத் தொடங்கின. தற்சுழற்சி இல்லாத கருந்துளைகளுக்கு உதையின் உச்சம் நொடிக்குச் சுமார் 175 கி.மீ.; இரண்டின் நிறைகளும் ஏறக்குறைய 1க்கு 2.8 என்று இருக்கும்போது அது கிடைக்கிறது. சிறு கேலக்ஸியிலிருந்து வெளியேற இது போதும். பெரிய கேலக்ஸிக்குப் போதாது.

எதிர்பாராதது 2007இல் வந்தது. இரு கருந்துளைகளும் சம நிறையோடு, சுழல் அச்சுகள் சுற்றுத்தளத்திலேயே எதிரெதிராகப் படுத்திருந்தால் உதை மிகப் பெரிதாகிறது. ஹோசே கோன்சாலெஸின் குழு நொடிக்கு 2500 கி.மீ. என்று கண்டது. மனுவெலா காம்பனெல்லியின் குழு உச்சம் 4000 கி.மீ. அளவுக்குப் போகும் என்றது. 2011இல் கார்லோஸ் லூஸ்டோவும் யோசெஃப் ஸ்லோகோவரும் அச்சுகள் பாதி நிமிர்ந்து பாதி சாய்ந்த நிலையில் 5000 கி.மீ. வரை எட்ட முடியும் என்று காட்டினார்கள்.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் இழுத்துச் சுழற்றுகிறது. இரு அச்சுகளும் சுற்றுத்தளத்தில் படுத்திருந்தால், ஒவ்வொன்றும் மற்றதைத் தன் சுழற்சியால் ஒருமுறை மேலே தூக்கும், அரைச்சுற்று கழித்துக் கீழே தள்ளும். இணை முழுவதும் தளத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே சுற்றுகிறது. இணைவு நேரும் கணத்தில் அந்த ஆட்டம் மேலே போகும் கட்டத்தில் இருந்ததா, கீழே வரும் கட்டத்தில் இருந்ததா, திரும்பும் இடத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்து உதை நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டராகவோ ஏறக்குறையச் சுழியாகவோ அமையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் சுற்றிய இணையின் கதியைக் கடைசி அரைச்சுற்று தீர்மானிக்கிறது.

உதையின் வேகம் மொத்த நிறையைப் பொறுத்ததல்ல. நிறை விகிதமும் தற்சுழற்சிகளும் மட்டுமே கணக்கு. முப்பது சூரிய நிறைக் கருந்துளைக்கும் நூறு கோடி சூரிய நிறைக் கருந்துளைக்கும் விதி ஒன்றே. அதனால் லைகோ போன்ற ஈர்ப்பலைக் கருவிகள் கேட்கும் சிறு கருந்துளைகளிடம் இந்தக் கோட்பாட்டைச் சோதிக்கலாம். 2020 ஜனவரி 29 அன்று பதிவான இணைவொன்றில் உதை நொடிக்குச் சுமார் 1500 கி.மீ. இருந்திருக்கலாம் என்று 2022இல் விஜய் வர்மாவும் உடனாய்வாளர்களும் கணித்தார்கள். அந்தத் தரவில் கருவி இரைச்சல் ஒன்று குறுக்கிட்டிருந்ததால் அச்சுச் சாய்வின் மதிப்பீடு நம்பத்தக்கதா என்ற விவாதம் தொடர்கிறது.

கவண் வீச்சு

உதைக்கு முன்பே வேறொரு வெளியேற்ற வழி சொல்லப்பட்டிருந்தது. 1974இல் வில்லியம் சாஸ்லா, மவுரி வால்ட்டோனன், ஸ்வெர்ரெ ஆர்செத் மூவரும் மூன்று கருந்துளைகள் ஒரே நடுவில் சிக்கினால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். மூன்று பொருள்களின் ஆட்டம் நிலைக்காது. பெரும்பாலும் லேசானது கவணிலிருந்து பறக்கும் கல்போல வீசப்படும். மற்ற இரண்டும் இணையாக எதிர்த்திசையில் பின்வாங்கும். கேலக்ஸிகளின் இரு பக்கமும் ரேடியோ அலை வீசும் இரட்டை மேகங்களை இப்படி எறியப்பட்ட கருந்துளைகளால் விளக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த விளக்கம் நிலைக்கவில்லை. மையத்திலிருந்து பீறிடும் தாரைகளே அந்த மேகங்களை ஊதுகின்றன என்பது கூர்மையான ரேடியோ படங்களால் உறுதியானது. விளக்கம் போனாலும் அதன் அடியிலிருந்த இயக்கவியல் பிழையானதல்ல. கடைசிப் பார்செக்கில் ஓர் இணை சிக்கித் தவிக்கும்போது மூன்றாவது கருந்துளை வந்து சேர்ந்தால் கவண் வீச்சு நேரலாம். இதற்குத் தற்சுழற்சியைப் பற்றி எந்த ஊகமும் தேவையில்லை என்பது பெரிய பலம். ஆனால் மூன்று சேருமளவுக்கு முதல் இணை காத்திருக்க வேண்டும். கடைசிப் பார்செக் எளிதில் கடக்கப்படுகிறது என்றால் கவணுக்கு வேலை குறைந்துவிடும். இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று கட்டுண்டவை.

எறியப்பட்டதற்குப் பிறகு

சூரியன் இருக்குமிடத்தில் பால்வீதியிலிருந்து விடுபடு வேகம் நொடிக்குச் சுமார் 550 கி.மீ. சிறு கேலக்ஸிகளில் மையத்திலிருந்தே 100 கி.மீ. அளவு போதும். பெரும் நீள்வட்ட கேலக்ஸிகளின் மையத்திலிருந்து 1000 முதல் 2000 கி.மீ. வேண்டும். டேவிட் மெரிட்டும் உடனாய்வாளர்களும் 2004இல் இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்தபோது, சிறு கேலக்ஸிகள் தம் கருந்துளைகளைப் பறிகொடுக்க வாய்ப்பு மிக அதிகம் என்பது தெளிவானது. முக்கோண கேலக்ஸி எனப்படும் எம்33இன் நடுவில் கருந்துளை இருந்தாலும் அது சில ஆயிரம் சூரிய நிறையைத் தாண்டாது என்று அளவீடுகள் சொல்கின்றன. அங்கே இருந்தது போய்விட்டதா, இருந்ததே இல்லையா என்பதை இந்த வெறுமையைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

விடுபடு வேகத்தை எட்டாத உதை, கருந்துளையை மேலே எறிந்த கல்போலத் திருப்பி அனுப்பும். அலெசியா குவாலாண்ட்ரிஸும் மெரிட்டும் 2008இல் காட்டியபடி, அது ஒவ்வொரு முறை நடுவைக் கடக்கும்போதும் அடர்ந்த விண்மீன்களிடம் உராய்வில் வேகம் இழக்கிறது. கூடவே அந்த விண்மீன்களைச் சிதறடித்து நடுப்பகுதியை மெலியச் செய்கிறது. பிறகு சிறு வீச்சில் ஊசலாடும் கட்டம் நீண்டு நிற்கும். உதைபட்ட கருந்துளையை நடுவிலிருந்து சில ஒளியாண்டுகள் தள்ளிப் பார்க்க வாய்ப்பு அதனால்தான் அதிகம்.

அது போகும்போது எதை எடுத்துச் செல்லும்? கருந்துளையை எறியும் வேகத்தைவிட விரைவாக அதைச் சுற்றிக்கொண்டிருந்த பொருள் மட்டுமே கூட வரும். 10 கோடி சூரிய நிறை, நொடிக்கு 1000 கி.மீ. உதை என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் ஒன்றரை ஒளியாண்டுக்குள் இருப்பதெல்லாம் கூட வரும், அதற்கு வெளியே இருப்பது தங்கிவிடும். வாயுவை விழுங்கி ஒளிரும் பெருங்கருந்துளைகளான குவாசர்களின் நிறமாலையில் அகன்ற கோடுகளைத் தரும் வாயு கருந்துளைக்கு மிக அருகில் இருப்பது. அது கூடச் செல்லும். ஒடுங்கிய கோடுகளைத் தரும் வாயு நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளில் பரவியிருப்பது. அது கேலக்ஸியோடு நிற்கும். எனவே ஒரே குவாசரில் அகன்ற கோடுகள் ஒரு வேகத்தையும் ஒடுங்கிய கோடுகள் வேறொரு வேகத்தையும் காட்டினால் சந்தேகிக்கலாம். வேகத்தை வைத்து நடக்கும் தேடல்கள் எல்லாம் இந்தத் தர்க்கத்தின் மீதே நிற்கின்றன.

கூடச் செல்லும் வாயு தீரும்வரைதான் வெளிச்சம். அது பத்து லட்சம் ஆண்டு நீடித்தால் நொடிக்கு 1000 கி.மீ. வேகத்தில் சுமார் 3300 ஒளியாண்டு தூரம் போகலாம். ஒரு கோடி ஆண்டு நீடித்தால் 33,000. அதற்கப்பால் கருந்துளை இருளில் போகும், நம் கண்ணுக்கு அகப்படாது.

பிடிபட்டவை என்று சொல்லப்பட்டவை

முதலில் பேசப்பட்டது எச்இ0450-2958 என்ற குவாசர். 2005இல் பியர் மகெயின் குழு அதைச் சுற்றி கேலக்ஸி தென்படவில்லை என்று அறிவித்தது. எறியப்பட்ட கருந்துளையோ என்ற கேள்வி உடனே எழுந்தது. அடுத்த ஆண்டே, கருந்துளையின் நிறை முதலில் எண்ணியதைவிடக் குறைவு, அதன் கேலக்ஸியும் அதற்கேற்ப மங்கலாக இருந்திருக்கும் என்ற எளிய விளக்கம் வந்தது. வெளிச்சமான குவாசரின் கண்கூச்சத்தில் மங்கிய கேலக்ஸி மறைவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

2008இல் ஸ்டெஃபனி கொமோசாவின் குழு ஸ்லோன் வான அளவையிலிருந்து எடுத்த எஸ்டிஎஸ்எஸ் ஜே0927+2943 வேகத்தின் பேரில் முன்வைக்கப்பட்டது. அதன் அகன்ற கோடுகள் ஒடுங்கியவற்றிலிருந்து நொடிக்கு 2650 கி.மீ. விலகியிருந்தன. விரைவிலேயே, அது ஒன்றையொன்று சுற்றும் இணையாகவும் இருக்கலாம், ஒரே பார்வைக்கோட்டில் தற்செயலாக அமைந்த இரு கேலக்ஸிகளாகவும் இருக்கலாம் என்ற மாற்று விளக்கங்கள் வந்தன. இதே போன்ற குழப்பம் பரவலானது. 2012இல் மைக்கேல் எராக்லியஸும் உடனாய்வாளர்களும் சுமார் 15,900 குவாசர்களைச் சலித்து, அகன்ற கோடுகள் நொடிக்கு 1000 கி.மீக்கு மேல் விலகிய 88 குவாசர்களைப் பட்டியலிட்டார்கள். அவர்கள் தேடியது இணைகளை. உதைபட்டவற்றைத் தேடுவோருக்கும் அதே பட்டியல் பயன்படுகிறது. கோட்டு விலகல் மட்டும் எதையும் நிரூபிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இடத்தின் பேரில் வந்த உரிமைகோரல்களுக்கும் இதே கதிதான். எம்87 கேலக்ஸியின் நடுவிலிருந்து அதன் கருந்துளை சுமார் 7 பார்செக் தள்ளியிருப்பதாக 2010இல் டான் பாட்செல்டரின் குழு சொன்னது. பிறகு வேறு படங்களை ஒப்பிட்டவர்கள், மையத்தின் வெளிச்சம் ஏறி இறங்கும்போது கேலக்ஸியின் ஒளிமையமே நகர்வதுபோலத் தோன்றுகிறது என்றார்கள். ஏபெல் 2261 என்ற கேலக்ஸிக் கொத்தின் நடு கேலக்ஸியில் சுமார் 10,000 ஒளியாண்டு அகலத்துக்கு மெலிந்த நடுப்பகுதி இருக்கிறது. அங்கே இருந்திருக்க வேண்டிய பெருங்கருந்துளையைச் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டினி கிடக்கும் கருந்துளை எங்கிருந்தாலும் எக்ஸ்ரே தராது.

இடம், வேகம் இரண்டும் ஒன்றாகப் பொருந்திய 3சி 186 இவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. சுமார் 800 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள இந்த ரேடியோ குவாசரை 2017இல் மார்க்கோ கியாபெர்கேயின் குழு ஹபிள் படங்களில் ஆராய்ந்தபோது, அது கேலக்ஸியின் நடுவில் இல்லாமல் 35,000 ஒளியாண்டு தள்ளியிருந்தது. அகன்ற கோடுகளின் வேகம் நொடிக்குச் சுமார் 2100 கி.மீ. விலகியிருந்தது. கேலக்ஸியில் அண்மைக்கால மோதலின் தடயங்களும் இருந்தன. 2022இல் வெளியான மூலக்கூறு வாயு அளவீடு, குளிர்ந்த வாயு கேலக்ஸியோடு நிற்கிறது, அகன்ற கோடுகள்தான் விலகியிருக்கின்றன என்பதை வலுப்படுத்தியது. மாற்று விளக்கம் இன்னும் சாத்தியம்தான்: குவாசரின் சொந்தக் கேலக்ஸி அதன் ஒளியில் மறைந்திருக்கலாம், நாம் பார்ப்பது பக்கத்து கேலக்ஸியாக இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்துக்கு மிகச் சிறிய கேலக்ஸியில் மிகப் பெரிய கருந்துளை வேண்டும். அது எளிதில் ஏற்கத்தக்கதல்ல.

இன்னொன்று 2023இல் பீட்டர் வான் டோக்கம் அறிவித்த ஒளிக்கீற்று. அருகிலுள்ள சிறு கேலக்ஸி ஒன்றை ஹபிளில் படமெடுத்தபோது தற்செயலாக ஒரு நேர்கோடு பதிந்தது. முதலில் அது கேமராவில் காஸ்மிக் கதிர் விட்ட கீறல் என்றே எண்ணினார்கள். பல வடிகட்டிகளிலும் அது மறையவில்லை. தொலைதூர கேலக்ஸி ஒன்றிலிருந்து தொடங்கி சுமார் 2 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு இளம் விண்மீன்களின் கோடு நீண்டிருந்தது. எறியப்பட்ட கருந்துளை கேலக்ஸியைச் சூழ்ந்த மெல்லிய வாயுவைக் கிழித்துப் போகும்போது, அதன் பின்னால் வாயு அழுந்தி விண்மீன்கள் பிறந்திருக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். எறிந்தது மூன்று கருந்துளைகளின் கவணாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

சில மாதங்களில் ஹோர்ஹே சான்செஸ் அல்மெய்தாவும் சக ஆய்வாளர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். நடுவில் புடைப்பில்லாத மெல்லிய கேலக்ஸி ஒன்றை விளிம்பிலிருந்து பார்த்தால் கோடாகத்தான் தெரியும். அந்தக் கீற்றின் நெடுகிலும் வேகம் மாறும் விதம் சுழலும் தட்டுக்கு ஒத்துவருகிறது. இதே உருவம் கொண்ட ஐசி 5249 என்ற கேலக்ஸியை எடுத்துக்காட்டாகவும் வைத்தார்கள். இந்தப் பக்கம் சாய்வதே அப்போது நிதானமாகத் தோன்றியிருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய இடம் கீற்றின் நுனி. ஓடும் கருந்துளை என்றால் நுனியில் படகின் முன்னால் எழும் அலைபோல அதிர்ச்சி அலை இருக்க வேண்டும். சுழலும் கேலக்ஸி என்றால் நுனியில் எதுவும் புதிதாக நடக்காது. 2025இன் இறுதியில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலை அளவீட்டை வான் டோக்கம் குழு வெளியிட்டது. நுனியில் சுமார் 3000 ஒளியாண்டுக்குள் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 600 கி.மீ. மாறுகிறது. அதற்குப் பொருந்தும் அதிர்ச்சி அலைக்கு, ஓடும் பொருளின் வேகம் நொடிக்குச் சுமார் 950 கி.மீ. இருக்க வேண்டும். அந்த வேகத்தில் 2 லட்சம் ஒளியாண்டைக் கடக்க 6 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

மெல்லிய கேலக்ஸியின் நுனியில் இத்தகைய தாவல் வரக் காரணமில்லை. வெளியேறிய பெருங்கருந்துளைக்கு இன்று இருப்பதில் இதுவே வலுவான சான்று என்று நினைக்கிறேன். ஆனால் கருந்துளையிலிருந்து நேரடியாக வரும் எக்ஸ்ரேயோ ரேடியோ ஒளியோ இதில் கையில் இல்லை. அதிர்ச்சி அலையிலிருந்து ஓடுவதை ஊகிக்கிறோம். எறிந்தது உதையா கவணா என்பதையும் அது சொல்லவில்லை.

போகாமலும் சேராமலும் அலைபவை

மையத்தில் இல்லாத கருந்துளைகள் எல்லாம் வெளியேற்றப்பட்டவை அல்ல. பல, வந்து சேராதவை. மைக்கேல் ட்ரெம்மலும் உடனாய்வாளர்களும் 2018இல் ராமுலஸ் என்ற கணினி உருவகத்தில், பால்வீதியளவு கேலக்ஸி ஒவ்வொன்றையும் சராசரியாகச் சுமார் 12 பெருங்கருந்துளைகள் சூழ்ந்திருப்பதாகக் கண்டார்கள். விழுங்கப்பட்ட சிறு கேலக்ஸிகளிலிருந்து வந்து, மூழ்க வழியில்லாமல் அலைபவை அவை.

வானிலும் இவற்றின் அறிகுறிகள் உண்டு. 2009இல் அறிவிக்கப்பட்ட எச்எல்எக்ஸ்-1, சுமார் 29 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியின் மையத்துக்கு வெளியே எக்ஸ்ரே வீசுகிறது. தோலுரிக்கப்பட்ட சிறு கேலக்ஸியின் மிச்சமாக இருக்கலாம். 2024இல் கண்டறியப்பட்ட ஏடி2024டிவிடி நிகழ்வில், மையத்திலிருந்து சுமார் 2600 ஒளியாண்டு தள்ளி ஒரு கருந்துளை விண்மீன் ஒன்றைக் கிழித்து விழுங்கியது. அதன் நிறை பத்து லட்சம் சூரியன்கள் அளவு. அந்த விண்மீன் அருகே வந்திராவிட்டால் அங்கே கருந்துளை இருப்பதை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அது மோதலில் வந்ததா, மூவர் ஆட்டத்தில் நடுவிலிருந்து எறியப்பட்டதா என்பது தெரியவில்லை. சிறு கேலக்ஸிகளில் ஏமி ரைன்ஸின் குழு 2020இல் ரேடியோ வழியாகக் கண்ட கருந்துளைகளில் ஏறத்தாழப் பாதி மையத்தை விட்டு விலகியிருந்தன. அவற்றுள் சில பின்னணியிலுள்ள வேறு பொருள்களாக இருக்கலாம் என்று பின்னர் எச்சரிக்கப்பட்டது.

அச்சு எந்தப் பக்கம்?

ஆக, எண்ணிக்கைக் கேள்வி மீண்டும் சுழல் அச்சிடமே வந்து நிற்கிறது. ஜேம்ஸ் பார்டீனும் யாகோபுஸ் பீட்டர்சனும் 1975இல் காட்டியபடி, சாய்ந்த வாயுத் தட்டின் உட்பகுதி கருந்துளையின் நடுக்கோட்டுத் தளத்தோடு படிந்துவிடும். நாளடைவில் கருந்துளையின் அச்சும் வாயுவின் பக்கம் திரும்பும். இரு கருந்துளைகளும் ஒரே வாயுத் தட்டில் கிடந்தால் இரண்டின் அச்சும் சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்துவிடும், உதை நொடிக்கு 200 கி.மீ. அளவுக்குள் அடங்கும் என்று தமரா போக்டானோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2007இல் வாதிட்டார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உதை என்ற செய்தி வந்த அதே ஆண்டில், அது ஏன் அரிதாக இருக்கும் என்ற காரணமும் வந்துவிட்டது.

வாயு நிறைந்த கேலக்ஸிகளுக்கு இந்த வாதம் பொருந்தலாம். வாயு வற்றிய பெரும் நீள்வட்ட கேலக்ஸிகளில் அச்சுகளை நிமிர்த்த எதுவுமில்லை. அங்கேதான் விடுபடு வேகமும் அதிகம். வாயு சிறு சிறு கட்டிகளாகப் பல திசைகளிலிருந்து விழுந்தால் நிமிர்தல் எங்குமே முழுமையடையாது என்ற எதிர்வாதமும் இருக்கிறது. எக்ஸ்ரே நிறமாலையிலிருந்து ஒரு கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று மதிப்பிடலாம். ஓர் இணையின் சுற்றுத்தளத்தோடு அதன் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அந்த முறை சொல்லாது. 3சி 186இன் வேகம் உண்மையென்றால் அதன் அச்சுகள் நிமிர்ந்திருக்க முடியாது. ஆனால் ஒன்றை வைத்து விகிதம் போட முடியாது. அதிலும், நமக்கு அகப்படுபவை வாயுவைச் சுமந்து வெளிச்சம் தருபவை மட்டுமே. அகப்பட்டவை குறைவு என்பதால் நடப்பதும் குறைவு என்று சொல்வதற்கு நியாயமில்லை.

சாய்வை நேரடியாக அளக்கப்போகும் ஈர்ப்பலைக் கருவி லிசா. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் இதற்கு ஒப்புதல் தந்தது. ஏவும் இலக்கு 2035. ஒன்றுக்கொன்று 25 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் மூன்று விண்கலங்கள் ஆயிரக்கணக்கிலிருந்து கோடிக்கணக்கு வரை சூரிய நிறை கொண்ட கருந்துளைகளின் இணைவைக் கேட்கும். அலையின் வடிவத்திலிருந்து நிறை விகிதம், சுழற்சி, சாய்வு எல்லாம் வரும். உதையையும் அதிலிருந்தே கணக்கிடலாம். நூறு கோடி சூரிய நிறைக் கருந்துளைகளின் இணைவு அதன் செவிக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் நடப்பது. 3சி 186 போன்றவற்றுக்கு விடை அதனிடமிருந்து வராது.

ஏற்கெனவே போய்விட்ட, வாயு தீர்ந்து இருண்டவற்றைக் காண ஒரு வழி மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. எறியப்படும்போது கூட வந்த ஒன்றரை ஒளியாண்டுக்குள் வாயு மட்டுமல்ல, விண்மீன்களும் இருக்கும். வாயு எரிந்து தீர்ந்தாலும் விண்மீன்கள் தீராது. கேலக்ஸிகளுக்கு நடுவே மிகச் சிறிய, மிக அடர்ந்த விண்மீன் கொத்தாக அவை கருந்துளையோடு போய்க்கொண்டிருக்கும் என்று மெரிட், ஷ்னிட்மன், கொமோசா 2009இல் எழுதினார்கள். படத்தில் சாதாரணக் கோளக் கொத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. நிறமாலையில் தெரியும்: உதையின் வேகத்தைவிட மெதுவாகச் சுற்றிய விண்மீன்கள் அன்றே உதிர்ந்துவிட்டதால், மிஞ்சியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அந்த வேகத்திலோ அதற்கு மேலோ சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரணக் கொத்தில் நொடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கும் உள்வேகம் இங்கே பல நூறாக இருக்கும். அப்படி ஒரு கொத்து இதுவரை உறுதியாக அகப்படவில்லை.